ஒற்றைக்கண் கார்

எங்களுடைய கார் ஸ்டாண்டட். நீர்வேலி முழுவதும் அதை டீலக்ஸ் என்றுதான் சொல்லும். அது டீலக்ஸ் அல்ல என்று அந்த நாளில் ஊரில் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்: ஒருவர் என் புருஷன் அருளம்பலம், மற்றது நான். அந்த உண்மையை நான் ஆரம்பத்தில் ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்கு விழுந்த அறையில் என் இடது காதுத் தோட்டின் கல் கழன்று கிணற்றடி வரைக்கும் பறந்தது. கல்லைத் தேடி எடுத்துக்கொண்டேன். காதுதான் இன்னமும் மாரி காலத்தில் இரைந்துகொண்டிருக்கிறது.

இவருக்கு நீர்வேலிச் சந்தியில் சுருட்டுக் கொட்டில் இருந்தது. கைநிறைய வருமானம், மூக்குநிறையக் கோபம். முப்பத்தெட்டாம் ஆண்டு தை மாதம் கொழும்புக்குப் போய்க் கறுப்புப் பெல்மன் கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். கோயில் வீதியில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சில்லை ஏற்றி, ஊரைச் சுற்றி வந்தார். அந்த மாதம் முழுவதும் அவர் யாரையும் அடிக்கவில்லை. அந்தச் சந்தோஷம் மாசி வரைக்கும்தான். மாசியில் ஹெக்டர் மாஸ்டரும் அதே கறுப்பில் அதே பெல்மனை வாங்கிவிட்டார்.

ஹெக்டர் செல்வத்துரை மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். இவரும் அவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். கணக்கில் அவர் முதலாம் பிள்ளை. இவர் எத்தனையாவது என்று இவர் எனக்குச் சொன்னதில்லை. மாஸ்டர் ஒரு எறும்புக்கும் வழிவிட்டுக் கார் ஓட்டுகிற மனிசன். பெண்சாதி தேவமலரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக்கோயிலுக்குப் போவார். எங்கள் வாசல் படலையைத் தாண்டும்போது கையைக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் இவருக்குச் சோறு இறங்காது.

சித்திரை வருஷப்பிறப்புக்கு இவருடைய மச்சான் சண்முகநாதன் கொழும்பிலிருந்து வந்தார். அவருடையதும் பெல்மன். இரண்டு கார்களையும் எங்கள் வளவில் அருகருகே நிறுத்தியபோது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் காரை ஒருதரம் சுற்றி வந்தார்.

"மச்சான், கோவியாதை. உன்ரை ஸ்டாண்டட். என்ரை டீலக்ஸ்" என்றார்.

"அதென்ன வித்தியாசம்? எஞ்சின் வேறையோ?"

"எஞ்சின் ஒண்டுதான். சாமான்தான் வித்தியாசம். இஞ்சை பார், எனக்கு ரெண்டு ஹோர்ன், உனக்கு ஒண்டு. எனக்கு ரெண்டு வைப்பர், உனக்கு ஒண்டு. உள்ளுக்கை எனக்கு மணிக்கூடு கிடக்கு. பின்னாலை வா, இதுதான் முக்கியம். டீலக்சுக்குப் பின்னுக்கு ரெண்டு சிவப்பு விளக்கு. ஸ்டாண்டட்டுக்கு ஒண்டுதான். எவ்வளவு தூரத்திலை போனாலும் இதை வைச்சுப் பிடிச்சுப் போடலாம்."

இவருடைய முகத்தில் ஈயாடவில்லை. மச்சான் போகும்வரை பொறுத்துக்கொண்டார். நான்தான் பொறுக்கவில்லை. "அப்ப ஹெக்டர் மாஸ்டரின்ரை காரும் எங்கடை காரும் ஒரே சாதிதான்" என்று சொல்லிச் சிரித்தேன். தோட்டுக் கல் பறந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதமே கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய், பழைய சாமான் கடைகளைக் கிளறி, ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொட்டினார். ஹோர்ன், வைப்பர், ஓடாத மணிக்கூடு, ஒரு பின்விளக்கு. கராச்சுக்குக் கொண்டுபோகவில்லை. கார்க் கொட்டிலைக் கிடுகால் மறைத்துவிட்டுத் தானே திருகாணி முடுக்கினார். சிவப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்.

"வயர் இழுக்க வேண்டாமே?" என்று கேட்டேன்.

"வயர் இழுக்க மெக்கானிக் பாஸ் வரவேணும். பாஸ் வந்தால் ஊருக்குத் தெரியும். நீ வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடியைப் பிடி."

இப்படித்தான் எங்கள் கார் டீலக்ஸ் ஆனது. இரண்டாவது விளக்கு பகலில் பார்க்க அசல், இரவில் குருடு. இருட்டில் யார் பின்னால் ஓடிவந்து பார்க்கப் போகிறார்கள் என்பது இவருடைய கணக்கு. கணக்கில் இவர் கெட்டிக்காரர் அல்ல என்பதைத்தான் முதலே சொல்லிவிட்டேனே.

அதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் வந்திராது. இவர் நிற்கவில்லை. சந்தியில் சுருட்டுப் பற்ற வைக்கிறவர்களைக் கூட்டிவைத்து, ஸ்டாண்டட் எது, டீலக்ஸ் எது என்று வகுப்பு நடத்தினார். மாஸ்டருடைய கார் போகும்போது, "பாருங்கோ, ஒற்றைக்கண்ணன் போறார்" என்றார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயர் ஊரில் ஊன்றிவிட்டது. "ஒற்றைக்கண்ணன் கோப்பாய்ப் பக்கம் போகுது", "ஒற்றைக்கண்ணன் கோயிலடியிலை நிக்குது" என்று தோட்டத்தில் நிற்கிறவர்கள்கூடச் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு கார் மட்டுமல்ல, மாஸ்டரே ஒற்றைக்கண்ணன் ஆனார். அவருக்கு நல்ல பெரிய இரண்டு கண்கள்.

அடுத்த வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. இவர் தனியே தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போனார். இருள் மூடுகிற மைம்மல் பொழுதில் கார் படலைக்குள் பாய்ந்து வந்தது. படலையின் ஒரு பக்கம் பிய்ந்து விழுந்தது. கார் நேரே கொட்டிலுக்குள் போய்ச் சுவரோடு முட்டிக்கொண்டு நின்றது.

நான் ஓடிப்போனேன். முன் மட்காட் உள்ளே நசுங்கி, இடதுபக்கத்துப் பெரிய விளக்கு சாய்ந்து கிடந்தது. மட்காட்டில் இரத்தம் ஒழுகியிருந்தது. இரத்தத்தோடு வாழைநார் ஒட்டியிருந்தது. பம்பரின் இடுக்கில் அரைச்சீப்பு மொந்தன் காய் நசுங்கிக் கிடந்தது. இவருடைய நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது.

"என்ன நடந்தது?"

"ஒரு நாம்பன் மாடு குறுக்காலை பாய்ஞ்சது."

"நாம்பன் வாழைக்குலை காவிக்கொண்டு போறதோ?"

முதல் அடி வாயில் விழுந்தது. உதடு கிழிந்து பல்லில் இரத்தம் உப்பாய்ப் பரவியது. இரண்டாவது அடிக்கு நான் நிலத்தில் இருந்தேன். தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, என் முகத்தை மட்காட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய், "நீ ஒண்டையும் காணேல்லை. விளங்குதோ? ஒண்டையும் காணேல்லை" என்றார்.  

பிறகு தானே வாளி வாளியாய் அள்ளிக் கழுவினார். பம்பரின் இடுக்கில் சிக்கிய காயை இருட்டில் அவர் கவனிக்கவில்லை. இரத்தம் போய்விட்டது. வாழைக்கயர், அந்தச் சாற்றுக் கறை, போகவில்லை. நீர்வேலியில் வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு அது தெரியும். வேட்டியில் பட்டாலும் கையில் பட்டாலும் கயர் கயர்தான். கறுப்பு மட்காட்டில் அது மண்ணிறத் திட்டாய் அப்படியே இருந்தது.

விடியற்காலை ஒப்பாரிச் சத்தம் கேட்டது. வாழைத்தோட்டக்காரன் ஏரம்பு செத்துப்போனான். அவன் இரண்டு குலைகளைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு முன்னே போக, பெண்சாதி சின்னாச்சி கடகப் பெட்டியோடு பின்னால் வந்திருக்கிறாள். பின்னாலிருந்து வந்த கார் அவளை உரசிக்கொண்டு போய் அவனை அடித்து, சைக்கிளோடு மதவுப் பாலம் வரை இழுத்துப் போட்டுவிட்டு நிற்காமல் ஓடிவிட்டது. விடியப்போகிற நேரம் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டுதான் அவனுக்கு உயிர் போயிருக்கிறது.

வெய்யில் ஏறுவதற்கு முன்னரே அவர்கள் எங்கள் படலைக்கு வந்துவிட்டார்கள். முன்னுக்கு ஏரம்புவின் தம்பி தம்பிராசா. கையில் குலை வெட்டுகிற கத்தி. பின்னால் வந்த இருபது இருபத்தைந்து பேரிடமும் பொல்லுத்தடியும் இரும்பு அலவாங்கும் மண்வெட்டிப் பிடியும் இருந்தன. நடுவில் சின்னாச்சி, சேலையில் புருஷனுடைய இரத்தம் காய்ந்திருந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அருளண்ணை, உங்கடை காரை ஒருக்காப் பாக்கவேணும்" என்றான் தம்பிராசா. "பெல்மன்தான் அடிச்சதெண்டு மச்சாள் சொல்லுறா."

இவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆறுதலாய் இறங்கி வந்தார். அந்த நடிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பாரன், தாராளமாய்ப் பாரன். எனக்கு என்ன பயம்?" என்று கொட்டில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்பக்கம் சுவரோடு முட்டியிருந்தது. இரண்டு பக்கத்திலும் புகையிலைச் சிப்பங்களை அடுக்கி வைத்திருந்தார். வாசலில் நிற்கிறவனுக்குத் தெரிவது காரின் பின்பக்கம் மட்டும்.

"சின்னாச்சி, நீ எத்தினை விளக்குக் கண்டனி?"

"ஒண்டு" என்றாள் அவள். "பின்னாலை ஒற்றைக்கண். சிவப்பாய் எரிஞ்சுகொண்டு போனது. மதவடி திரும்பும்வரைக்கும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"இது டீலக்ஸ். ஊருக்கே தெரியும். எண்ணிப் பார் தம்பிராசா. ஒண்டு, ரெண்டு. ஹோர்ன் ரெண்டு. வைப்பர் ரெண்டு. ஒற்றைக்கண் ஆரிட்டைக் கிடக்கெண்டு நான் சொல்லத் தேவையில்லை."

"ஒற்றைக்கண்ணன்!" என்று பின்னால் நின்ற ஒருவன் கத்தினான். உடனே எல்லோருமே கத்தினார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக இவர் சிரிக்கப் பழக்கிய பெயர். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சின்னாச்சி கண்டது ஒற்றை விளக்கை. அவர்கள் கேட்டது ஒரு மனிசனின் பெயரை. படலையின் மற்றப் பக்கத்தையும் தள்ளி விழுத்திக்கொண்டு கூட்டம் மாஸ்டருடைய வீடு இருக்கிற கோயிலடிப் பக்கம் ஓடியது.

"நில்லுங்கோ!" என்று நான் கத்தினேன். அதற்குள் இவருடைய கை என் வாயைப் பொத்திவிட்டது. கிழிந்த உதட்டை அழுத்திப் பிடித்தபடியே என்னை இழுத்துக்கொண்டு போய் நெல்லு வைக்கிற அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்.

"அவர் ஒண்டும் செய்யேல்லை! மாஸ்டரைக் கொல்லப் போறாங்கள்!" என்று உள்ளிருந்து கதவில் அடித்தேன்.

"கொல்லட்டும்" என்றார் வெளியிலிருந்து. சத்தம் போடாமல், மெதுவாய்ச் சொன்னார். "நான் சாகிறதோ, அவன் சாகிறதோ? சொல்லு பாப்பம்."

 இந்த மனிசனோடு பதினொரு வருஷம் படுத்து எழும்பியிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி பருக்கியிருக்கிறேன். இவரைக் கொன்றுபோடுவார்கள் என்பதும் உண்மை. அந்த இருட்டில் இவருக்காக ஒருதரம் அழுதேன். அழுது முடிய, மூலையில் உலக்கை சாத்தியிருப்பது கண்ணில் பட்டது.

யன்னலின் மரக்கம்பிகள் மூன்றாவது இடியில் முறிந்தன. வெளியே பாய்ந்தபோது கம்பியின் சிராய் தொடையைக் கிழித்தது. உலக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வாழைத்தோட்டங்களுக்குள்ளால் ஓடினேன். மாஸ்டருடைய வளவில் புகை கிளம்புவது தூரத்திலேயே தெரிந்தது.

காருக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். அதற்கு முதல் அலவாங்கால் அடித்துக் கண்ணாடிகளை நொறுக்கியிருந்தார்கள். சில்லுகளில் செம்மண் அப்பியிருந்ததைக் கண்டு, "இரத்தம், இரத்தம்" என்று யாரோ கத்தினானாம். எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஒருநாள் ஓடின எந்தச் சில்லில் செம்மண் இல்லை? ஆனால் அப்போது அதை யோசிக்க அங்கே ஒருவருக்கும் தலை இல்லை. மாஸ்டர் மாமரத்தின் கீழ் கிடந்தார். வெள்ளை வேட்டி முழுவதும் இரத்தம். ஒருவன் கால்களில் ஏறி நின்றான். மற்றவன் மண்வெட்டிப் பிடியால் முதுகில் அடித்துக்கொண்டிருந்தான், விறகு பிளக்கிற மாதிரி, அவசரமில்லாமல். தேவமலரை இரண்டு பேர் தூணோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அவள் இயேசுவைக் கூப்பிட்டாள், பிறகு தம்பிராசாவைக் கூப்பிட்டாள். தம்பிராசா மாஸ்டரிடம் படித்தவன்.

"நான் காரை வெளியிலை எடுக்கேல்லை, தம்பி" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் நிறைய இரத்தத்தோடு வந்த அந்தத் தம்பி என்ற சொல்லை எவனும் காதில் வாங்கவில்லை. ஒரு பொல்லு சுழன்று வந்து அவருடைய முகத்தில் விழுந்தது. இடது கண் இருந்த இடத்தில் இரத்தம் குபுக்கென்று வந்தது.

நான் உலக்கையைச் சுழற்றி, பொல்லு வைத்திருந்தவனின் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அதற்காக நான் வருந்தவில்லை, இன்றைக்கும் வருந்தவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவர் இல்லை! அடிச்சது என்ரை மனிசன்! எங்கடை கார் ஸ்டாண்டட்!"

 யாரோ ஒருவன் சொன்னான்: "அக்காவுக்கு நேற்றும் நல்ல பூசை கிடைச்சிருக்கு. வாயைப் பார். புருஷனைப் பழிவாங்க வந்து நிக்கிறா."

"டீலக்சுக்கு ரெண்டு விளக்கு. இப்பத்தானே எண்ணிப்போட்டு வாறம்" என்றான் இன்னொருவன். இவர் நடத்திய வகுப்பை நன்றாய்ப் பாடமாக்கியிருந்தான்.

"எண்ணினியளே, எரிச்சுப் பாத்தியளோ?" என்று கேட்டேன். "ரெண்டாவது விளக்கைப் பூட்டேக்கை கண்ணாடி பிடிச்சவள் நான். அதுக்கு வயர் இல்லை. ஒரு நாளும் எரிஞ்சதில்லை. இருட்டிலை எங்கடை காரும் ஒற்றைக்கண்தான்!"

தம்பிராசா மாஸ்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையிலிருந்த கத்தி தாழவில்லை. அவனுக்கு நம்ப விருப்பமில்லை. நம்பினால் மாமரத்தின் கீழ் கிடப்பது யார் என்று அவன் தனக்குத்தானே சொல்லவேண்டி வரும். சின்னாச்சிதான் முன்னுக்கு வந்தாள்.

"விளக்கைப் போட்டுப் பாப்பம். நட தம்பி" என்றாள்.

அவர்கள் திரும்பிப் போனபோது ஓடவில்லை, நடந்தார்கள். தேவமலர் புருஷனுடைய தலையை மடியில் எடுத்து வைப்பதைக் கண்டுகொண்டுதான் நானும் போனேன்.

இவர் கார்க் கொட்டிலுக்குள்தான் நின்றார். ஒரு பக்கத்துச் சிப்பங்களை விலத்திவிட்டு, தேங்காய்ப் பொச்சு நாரும் சாம்பலும் எடுத்து மட்காட்டில் கயரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டதும் பொச்சைக் காலால் காருக்கு அடியில் தள்ளினார். என்னைக் கண்டதும் முகம் வெளிறிப்போனது.

"விளக்கைப் போடுங்கோ அண்ணை" என்றான் தம்பிராசா.

"பற்றரி இறங்கிப்போச்சு, தம்பி."

நான் உலக்கையைப் போட்டுவிட்டுக் காருக்குள் ஏறினேன். அந்த ஓடாத மணிக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் விளக்குக் குமிழ் இருந்தது. இழுத்தேன். எனக்கு முன்னால் சுவரில் வெளிச்சம் விழுந்தது. பின்னால் என்ன தெரிந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை; வாசலில் நின்றவர்களின் மூச்சுக் கேட்டது.

"ஒண்டு" என்றாள் சின்னாச்சி. "உதுதான். நான் கண்டது உதுதான்."

"பல்ப்! மற்ற பல்ப் இண்டைக்குக் காலமைதான் போச்சு!" இவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். அந்த முகத்தில் கோபமே இல்லை. அப்படி ஒரு முகத்தோடு அவர் என்னைப் பார்த்ததே இல்லை. "மீனாம்பிகை, நீ சொல்லம்மா. நேற்று ரெண்டும் எரிஞ்சது எண்டு சொல்லு. இது டீலக்ஸ் எண்டு சொல்லு. உனக்குக் கோடி புண்ணியம்."

அம்மா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.  இந்த மனிசனைக் காப்பாற்ற ஒரு சொல் போதும், அந்தச் சொல் என் வாயில் இருந்தது. மாமரத்தின் கீழ் இரத்தத்துக்குள்ளிருந்து தம்பி என்று கூப்பிட்ட குரலும் காதில் இருந்தது.

"ஸ்டாண்டட்" என்றேன்.

தம்பிராசா கத்தியின் பிடியால் இரண்டாவது விளக்கை அடித்தான். சிவப்புக் கண்ணாடி தெறித்தது. உள்ளே பல்பும் இல்லை, வயரும் இல்லை. ஒரு குளவி கட்டிய மண்கூடு மட்டும் இருந்தது. அதற்குள் இரண்டு பேர் மிச்சச் சிப்பங்களை இழுத்தெறிந்துவிட்டு முன்பக்கம் போயிருந்தார்கள். "மட்காட் நசிஞ்சு கிடக்கு! கயர்! வாழைக்கயர்!" என்ற சத்தம் வந்தது. பம்பருக்குள்ளிருந்து நசிந்த மொந்தன் காயை எடுத்து வந்து சின்னாச்சியின் கையில் வைத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

இவரை வெளியே இழுத்துக் கிணற்றடியில் போட்டார்கள். முதல் அடியிலேயே இவர் அலறினார். மாஸ்டர் அலறவில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பொல்லுகள் ஏறி இறங்கின. ஒரு முழங்கால் பின்பக்கமாய் மடிந்தது. மாஸ்டரை அடித்த பிழையையும் சேர்த்து இவர் மேல்தான் தீர்த்தார்கள். தங்கள் மேல் வந்த கோபத்துக்கும் வேறு ஆள் இருக்கவில்லை. அலவாங்கு ஒன்று தலைக்கு மேலே உயர்ந்ததைக் கண்டதும் நான் போய் அவருக்கு மேலே விழுந்தேன். என் புறங்கையில் ஒரு பொல்லடி விழுந்து விரல்கள் மரத்துப்போயின.

"போதும்!" என்று கத்தினேன். "பொலிசுக்குக் குடுங்கோ. தூக்கிலை போடட்டும். நீங்கள் கொல்லாதையுங்கோ. காலமை ஒருதரம் பிழை விட்டது போதாதோ?"

அந்தக் கேள்விக்குத்தான் தம்பிராசா நின்றான். கத்தியைக் கிணற்றுக்குள் எறிந்தான். கிணற்றுத் துலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், ஐயோ மாஸ்டர்" என்று சின்னப் பிள்ளை போல விம்மினான். ஊர் விதானையார் பொலிசோடு வந்து சேர்ந்தபோது எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவன்கூட ஓடவில்லை.

இவர் தூக்குக்குப் போகவில்லை, சிறை மறியலுக்குப் போனார். தம்பிராசாவும் போனான், பொல்லு பிடித்த இன்னும் சிலரும் போனார்கள். ஒரு கால் மடங்காமல் நடக்கிற மனிசனை நான் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். நாங்கள் கதைப்பதில்லை. கொண்டுபோன பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் அதற்கெல்லாம் முதல், அடுத்த கிழமையே, நான் மாஸ்டரைப் பார்க்க மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேவமலர் அறை வாசலில் கதிரை போட்டு இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வழியை மறித்தாள். அவள் ஏசினாள். ஒரு வருஷத்துக்கு மேலாய் ஒற்றைக்கண்ணன் என்று ஊர் சிரித்தபோது வாயில் என்ன வைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள்.  நான் கும்பிட்டபடி நின்றேன்.

"ஆர், தேவமலர்?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது.

 அவள் கடைசியில் வழியை விட்டாள். நான் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். தலையையும் முகத்தின் இடதுபக்கத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் என்னைத் தேடினார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். நான் அவருக்கு ஒரு முழத் தூரத்தில்தான் நின்றேன்.

"மீனாம்பிகையோ?" என்றார். "மற்றப் பக்கமாய் வந்து நில்லும் பிள்ளை. அந்தப் பக்கம் நிண்டால் இனி எனக்குத் தெரியாது."

நான் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய் நின்றேன்.